சிம்பன்சியோடு 98.8 விழுக்காடு, உடன்பிறந்தாரோடு 50 விழுக்காடு: இரண்டும் எப்படி உண்மையாகும்?

கேள்வி:
மனிதருக்கும் சிம்பன்சிக்கும் மரபணு அளவில் ஏறத்தாழ 98.8 விழுக்காடு ஒற்றுமை உண்டு என்று படிக்கிறேன். உடன்பிறந்த இருவர் சராசரியாக 50 விழுக்காடு மரபணுக்களைப் பகிர்கிறார்கள் என்றும் படிக்கிறேன். அப்படியானால் என் தங்கையைவிடச் சிம்பன்சி எனக்கு நெருங்கிய உறவு என்றல்லவா ஆகிறது? என் புரிதலில் பிழை எங்கே உள்ளது என்று யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இவை இரு வேறு கணக்குகள். 98.8 என்பது டிஎன்ஏவின் எழுத்துகளை (அதன் வேதி அலகுகளை) ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து எண்ணியது. அந்தக் கணக்கில் உலகின் எந்த இரு மனிதரும் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒத்திருப்பார்கள். உங்கள் தங்கை அதைவிடவும் நெருக்கமானவர். 50 என்பதோ, தாயும் தந்தையும் தம்மிடம் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டிரண்டாக உள்ள படிகளில் (நகல்களில்) ஒன்றைக் கொடுத்தபோது உங்கள் இருவருக்கும் ஒரே படி வந்து சேர்ந்த அளவு. இந்தக் கணக்கில் சிம்பன்சிக்கு இடமே இல்லை.

பதில் 2:
முதல் பதிலோடு உடன்படுகிறேன். ஆனால் 98.8 என்ற எண்ணையும் அப்படியே ஏற்க வேண்டாம். 2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி (முழு டிஎன்ஏ வரிசை) வெளியானபோது ஓரெழுத்து மாற்றங்கள் சுமார் 3.5 கோடி என்று கண்டார்கள். அவற்றிலிருந்து வந்ததே இந்த எண். ஒரு தொகுதியில் மட்டும் இருக்கும், மற்றதில் இல்லாத துண்டுகள் சுமார் 50 இலட்சம் இடங்களில் உள்ளன. அவற்றின் நீளத்தையும் சேர்த்தால் ஒற்றுமை ஏறத்தாழ 96 விழுக்காடாகக் குறைகிறது. எதை எண்ணினோம் என்று சொல்லாத விழுக்காட்டுக்குப் பொருளில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எஞ்சிய அந்தச் சிறு பங்கில்தான் மனிதத்தன்மை முழுவதும் அடங்கியிருக்கிறதா?

பதில் 3:
இல்லை. அந்த வேறுபாடுகளில் ஏறத்தாழப் பாதி, பொது மூதாதையிடமிருந்து பிரிந்த பின் சிம்பன்சியின் கிளையில் நேர்ந்தவை. நம் கிளையில் நேர்ந்தவற்றிலும் பெரும்பாலானவை எந்த விளைவும் இல்லாதவை. எண்ணிக்கையைவிட மாற்றம் எங்கே விழுந்தது என்பதே முக்கியம். எச்ஏஆர்1 என்ற டிஎன்ஏ பகுதியில் 118 எழுத்துகளே உள்ளன. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்ட கோழிக்கும் சிம்பன்சிக்கும் இடையில் அங்கே 2 எழுத்துகள் மட்டுமே வேறுபடுகின்றன. சிம்பன்சிக்கும் மனிதருக்கும் இடையிலோ 18. இப்பகுதி எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை, ஆயினும் கருவில் பெருமூளைப் புறணி உருவாகும் காலத்தில் இயங்குகிறது. இதைப் படித்த நாள் முதல் விழுக்காடுகள் மீது எனக்கிருந்த மயக்கம் போய்விட்டது.

98.8 என்ற எண் உறுதியாகச் சொல்வது உறவுமுறையைத்தான். சிம்பன்சி நம் மூதாதை அன்று. ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதைக்கு இருவரும் வழித்தோன்றல்கள். தோற்றத்தில் கொரில்லாவை ஒத்திருந்தாலும், சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நெருங்கிய உறவு நாமே.