புதுப்பிப்பு: 11 கிலோ பையோடு அழகர்கோவில் சாலையில்

நார்வே ராணுவத்தின் நடைப் பேட்ஜ் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 1915-இல் தொடங்கியது, 11 கிலோ பையோடு 30 கி.மீ. நடக்க வேண்டும். 21 முதல் 34 வயது ஆண்களுக்கு நாலரை மணி நேரம்தான். ராணுவத்துக்குத் தயாராகும் சித்தி மகனோடு அதை இங்கே பழகிப் பார்க்கிறேன் என்றதும், பையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அரிசிதான். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, துண்டில் இறுக்கிச் சுற்றி, தோள்பட்டை உயரத்தில் வைத்தோம். அடியில் கிடந்தால் பின்னால் இழுக்கும், இடுப்பு போய்விடும். குடிக்கும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவில்லை, போகப் போகக் குறையுமே.

விடியுமுன் புதூரில் கிளம்பினோம். கடச்சனேந்தல் வரை தம்பி ஓயாமல் பேசினான். அப்பன்திருப்பதி டீக்கடை பெஞ்சில் ஷூவைக் கழற்றினால், சாக்ஸ் மடிந்த இடத்தில் குதிகால் கொப்புளம். பக்கத்திலிருந்த பெரியம்மா, "பழநிக்கு வெறுங்காலோடயே போறோம், உனக்கென்னப்பா?" என்றார். பதில் இல்லை! அப்புறம் கிளம்பும் முன்பே குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறோம். தொல்லை பாதி குறைந்தது. நாலரை மணி நேரம் இன்னும் எட்டவில்லை.

சரி, பொதுமக்களும் இப்படி நடந்து பதக்கம் வாங்க வழியுண்டா? நெதர்லாந்தின் நைமேகன் நடையில் உண்டு. 1909 முதல் நடக்கிறது, நான்கு நாள். ராணுவத்தார் தினமும் 40 கி.மீ., 10 கிலோ சுமையோடு. மற்றவர்கள் சுமையில்லாமலே முடித்துச் சிலுவைப் பதக்கம் வாங்கலாம்.