பிளாக் மேனேஜ்மென்ட்: காசு கூடினால் கூட்டம் குறையுமா?

மலையோரம் (கேள்வி):

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நான் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போவது இது ஆறாவது வருஷம். சொந்த நிலம் கிடையாது, ரான்ச் (பெரிய மாட்டுப் பண்ணை) வைத்திருக்கும் நண்பர்களும் கிடையாது, அதனால் ஒன்று அரசு காடு, இல்லாவிட்டால் பிளாக் மேனேஜ்மென்ட் நிலம் (தெரியாதவர்களுக்கு: தனியார் ரான்ச்தான், மாநில வனவிலங்குத் துறை உரிமையாளருக்குப் பணம் கொடுக்கும், நாம் இலவசமாக உள்ளே போகலாம்). முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. போன சீசனில் துப்பாக்கி வேட்டை தொடங்கிய அன்று விடியற்காலை நாலரைக்குப் போய்ச் சேர்ந்தால், பெயர் எழுதிப் போடும் பெட்டி பக்கத்தில் ஏற்கெனவே ஒன்பது பிக்கப் நிற்கிறது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் எல்க் கூட்டம் மொத்தமும் வேலிக்கு அந்தப் பக்கம், வெளியாள் யாரையும் விடாத ரான்ச்சில் நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் எல்லாரும் பைனாகுலரோடு வரிசையாக நிற்கிறோம், பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி.

இந்தத் திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இன்னும் நிறைய பணம் கொடுத்தால் இந்த நெருக்கடி குறையுமா, இல்லை பத்து வண்டி இருபதாகுமா?

கணக்குப்பிள்ளை:

பெரும்பகுதி வெளிமாநிலத்தவர் வாங்கும் லைசென்ஸ் பணம். எல்க் வேட்டையும் சேர்ந்த வெளிமாநில காம்பினேஷன் லைசென்ஸுக்கு (பல வேட்டைகளுக்குச் சேர்த்து ஒரே லைசென்ஸ்) 17,000 என்று சட்டத்திலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள், அதன் விலையில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. அதாவது அந்த ஒன்பது வண்டியில் எத்தனை வெளிமாநில நம்பர் பிளேட்டோ, அவர்கள்தான் நீங்கள் நின்ற இடத்துக்குக் காசு கட்டியவர்கள். கோபப்படுவதற்கு முன் இதை யோசிக்கலாம் :)

திட்டம் 1985இல் சின்னதாகத் தொடங்கியது, தொண்ணூறுகளின் நடுவில் விரிவாக்கினார்கள், இப்போது சுமார் 70 லட்சம் ஏக்கர். மற்ற மாநிலங்களில் 1937ஆம் வருஷத்து பிட்மன்-ராபர்ட்சன் சட்டப் பணமும் இந்த மாதிரி வேலைக்குப் போகிறது. நீளத் துப்பாக்கி, தோட்டா, வில் எல்லாவற்றுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் கலால் வரி. மாநிலம் ஒரு டாலர் போட்டால் அந்த நிதியிலிருந்து மூன்று டாலர் வரும். இது போக மத்திய அரசின் பண்ணைச் சட்டத்தில் (Farm Bill), தனியார் நிலத்தில் பொதுமக்களை விடுவதற்கென்றே தனி நிதி இருக்கிறது, 2014இல் 4 கோடி டாலர், 2018இல் 5 கோடி. நாடு முழுவதற்கும், அதுவும் பல வருஷத்துக்கு! யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

வைக்கோல்போர்:

என் மனைவி வீட்டார் ரான்ச் வைத்திருக்கிறார்கள், பல வருஷமாகத் திட்டத்தில் இருக்கிறார்கள், அதனால் வேலிக்கு அந்தப் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். பணம் கணக்கிடுவது எப்படித் தெரியுமா? எத்தனை வேட்டைக்காரர் எத்தனை நாள் வந்தார்கள் என்பதை வைத்து. காரணம் நியாயம்தான், ஆள் வர வர தொல்லை கூடும், அதற்கு ஈடு. ஆனால் விளைவு என்ன, கூட்டம் குறைந்தால் உரிமையாளருக்கு வரவும் குறையும். உச்சவரம்பு 50,000 டாலர், பெரிய ரான்ச்சை அவுட்ஃபிட்டருக்கு (காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்கு ஆள் கூட்டிப்போகும் தொழில்காரர்) குத்தகை விட்டால் இதற்கு மேல் கிடைக்கும் இடங்கள் உண்டு, அப்புறம் அவர் ஏன் நம்மை விடப்போகிறார்.

இதில் பணத்தைப் பற்றியே பேசுகிறோம், மாமனார் பணத்தைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. அவர் புலம்புவது கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி, ஈர மண்ணில் வண்டியை ஓட்டிப் பாதையைக் குதறுகிறவர்களைப் பற்றி, டயரில் களைவிதை கொண்டுவருகிறவர்களைப் பற்றி, ராத்திரி சாப்பிடும் நேரத்தில் போன் செய்து "நாளைக்கு எல்க் இருக்குமா" என்று கேட்கிறவர்களைப் பற்றி. எல்க் என்ன, டைம்டேபிள் போட்டா வரும்? இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விலகிவிடலாம் என்பார். விலகாததற்கு ஒரு காரணம், குளிர்காலத்தில் எல்க் இறங்கி வைக்கோல்போரைத் தின்றால் மாநிலத்தின் உதவி வேண்டும், பொது வேட்டைக்கு அனுமதிக்காத நிலத்துக்கு அந்த உதவி கிடைக்காது.

நடந்தேபோவோம்:

என் கருத்து, பணத்தின் அளவை விட எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ஆள் எண்ணிக்கைக்குக் கொடுத்தால் ஆள் எண்ணிக்கைதான் கிடைக்கும். கான்சாஸின் வாக்-இன் திட்டத்தில் ஏக்கர் கணக்கில், எத்தனை மாதம் திறந்திருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கிறார்கள், உள்ளே நடந்துதான் போக வேண்டும். அங்கே ஃபெசன்ட் பறவை, இங்கே எல்க், நேராக ஒப்பிட முடியாது, சரி. ஆனால் நடை என்ற ஒரு விதியே பாதிக் கூட்டத்தை முதல் அரை மைலில் நிறுத்திவிடும்.

எல்க் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஒரிகனில் ஸ்டார்கி என்று வேலி போட்ட பெரிய ஆய்வுக் காடு இருக்கிறது, 1989இலிருந்து ரேடியோ காலர் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓடும் சாலையை விட்டு எல்க் விலகிப்போவது அங்கே தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் பார்த்த எல்க் கூட்டமும் முதல் நாள் வெடிச்சத்தத்துக்கு ஓடியிருக்காது, அதற்கு முன் ஆறு வாரம் வில் வேட்டை நடந்ததே, அப்போதே எந்த வேலிக்குப் பின்னால் நிம்மதி என்று கற்றுக்கொண்டிருக்கும். அதைத் திருப்ப வேண்டுமானால் ஒன்று, திறந்த நிலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வைத்து, குறைந்த ஆளுக்கும் உரிமையாளருக்கு முழுப் பணம் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அந்த மூடிய ரான்ச்சில் பெண் எல்க் வேட்டைக்காவது நாலு பேரை விடச் சொல்ல வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம், காசு தேவைப்படாத ஆளிடம் காசை வைத்துப் பேரம் பேச முடியாது.

பிளாக் மேனேஜ்மென்ட் நிலத்திலேயே இரண்டு வகை உண்டு, அதில் டைப் 2 நிலங்களைப் பாருங்கள். அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், சில ரான்ச்களில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு. பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு நுழையும் டைப் 1 நிலத்தில்தான் நீங்கள் சொன்ன திருவிழா.

மலையோரம்:

நன்றி. எண்ணிக்கைக் கட்டுப்பாடு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வார நாளில் லீவு கிடைக்காத என்னை மாதிரி ஆள் சனிக்கிழமை சீட்டுக்கு எல்லாரோடும் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்பது வண்டிக்காரர்களும் அதே சனிக்கிழமைக்குத்தான் கேட்பார்கள்.

வைக்கோல்போர்:

புதன்கிழமைக்கு ஒரு நாள் லீவு போடுங்கள். எங்கள் ரான்ச்சில் நவம்பர் நடுவில் புதன்கிழமை பெட்டியைத் திறந்தால் சில நாள் ஒரு சீட்டுகூட இருக்காது. கேட்டை மட்டும் மூடிவிட்டுப் போங்கள்.