தீவுக்குப் பலகாரப் பார்சல்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் மேற்கு மாம்பலம். தங்கை குடும்பம் இருப்பது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் தீவில். நீளம் 5 கிலோமீட்டர்கூட இல்லை, ஜனம் நூறு பேர்கூட இல்லை.

இலையுதிர் காலத்தில் அங்கே காற்று பேயாட்டம் ஆடும். படகு, குட்டி விமானம் இரண்டுமே சில நாள் வராது. நேற்று வீடியோவில் பார்த்தேன், கொடியில் ஒரு சட்டைக்கு நாலு கிளிப். பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெற்கே போகிற வழியில் இறங்கிய பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தான், வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு!

தீபாவளிக்கு அனுப்ப வேண்டும். பால் பொருளுக்கு அங்கே தடை, அதனால் நெய்ப் பலகாரம் கிடையாது. அம்மா பொருள்விளங்காய் உருண்டை பிடிக்கிறாள். அதிரசமும் வைத்தால் ஒரு மாதம் தாங்குமா? எண்ணெய் கசியாமல் எப்படிக் கட்டுவது?