மாத்திரை விழுங்க முடியாத தாயாருக்குப் பொடித்துக் கொடுக்கலாமா?

கேள்வி (தக்கலை):
வணக்கம். பக்கவாதம் வந்தபிறகு என் 74 வயதுத் தாயாருக்கு மாத்திரை தொண்டையில் நின்றுவிடுகிறது. தண்ணீர் குடித்தாலும் இருமுகிறார். ஆகவே எல்லாவற்றையும் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன். சர்க்கரை மாத்திரையின் அட்டையில் 'எஸ்.ஆர்.' என்று இருப்பதை இன்றுதான் கவனித்தேன். இது சரிதானா?

பதில் 1 (மருந்தாளுநர், மார்த்தாண்டம்):
சகோதரி, அந்த மாத்திரையைத் தயவுசெய்து பொடிக்க வேண்டாம். 'எஸ்.ஆர்.' என்றால் மருந்தை மெதுவாக வெளியிடும் வகை (sustained release). பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிவர வேண்டிய மருந்து, பொடித்தால் மொத்தமாக ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற, குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரைகளோ, பொடித்தால் இரைப்பை அமிலத்திலேயே சிதைந்து பயனற்றுப் போகும். எதையும் நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். எல்லா அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டி, திரவமாகவோ நீரில் கரைவதாகவோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

பதில் 2 (நாகர்கோவில்):
என் தந்தைக்கும் இதே நிலைதான் இருந்தது. தண்ணீருக்கே இருமல் வருவதுதான் எனக்கு அதிகக் கவலையளிக்கிறது, ஏனெனில் நீர் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரக்கூடும். விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள். அவர் அனுமதித்த பின்னரே, நன்றாக மசித்த மட்டி வாழைப்பழத்தில் மாத்திரைகளை ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்தோம். நிமிர்ந்து உட்காரவைத்தே கொடுப்போம். பிறகு அரைமணி நேரம் படுக்கவிடமாட்டோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாளைக் காலையிலேயே எல்லா அட்டைகளுடனும் மருத்துவரைப் பார்க்கிறேன்.