18 வயசு, 1000 சிசி: லைசன்ஸ் இப்படியே இருக்கலாமா?

கேள்வி: ஈ.சி.ஆர்.ல முன் சக்கரத்தைத் தூக்கி வீலிங் விடுற நாலு பேரால சூப்பர்பைக் வச்சிருக்கிற எல்லாரையும் பொறுக்கியா பாக்கிறாங்க. நம்ம ஊர்ல கியர் வண்டி லைசன்ஸ் இருந்தா எந்த சிசியும் ஓட்டலாம்தானே?

பதில் 1: ஆமா, 18 முடிஞ்சா போதும். பிரிட்டன்ல படிப்படியா: 17-ல 125 சிசி, 19-ல 35 கிலோவாட் இன்ஜின் பவர் வரை. நேரடியா பெரிய வண்டின்னா 24. அங்க டெஸ்ட்ல 50 கி.மீ. வேகத்துல வந்து சடன் பிரேக் போட்டுக் காட்டணும். இங்க காலை ஊனாம எட்டு போட்டா முடிஞ்சுது!

பதில் 2: வீலிங்ல முன் டயர் தரையிலேயே இல்ல. முன் பிரேக்கும் ஹேண்டிலும் இருந்தும் இல்லாத மாதிரிதான். பின் பிரேக்கை மெதுவா மிதிச்சு இறக்கணும். ஆக்ஸிலரேட்டரைப் பட்டுனு விட்டா முன் டயர் தொப்புனு விழுந்து ஹேண்டில் உதறும்.

பதில் 3: ஓட்டினவனுக்கு 18 ஆகலைன்னா பெத்தவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசன்ஸ் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தம், பிரிவு 199ஏ.