தாமிரபரணி அயிரை பற்றி உதவி வேண்டும்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தக் கோடை விடுமுறையில் அம்பாசமுத்திரம் முதல் சேரன்மகாதேவி வரை ஆற்றில் அயிரை எங்கெங்கே இருக்கிறது என்று பதிவு செய்கிறேன். மணலுக்குள் புதைந்து வாழும் மீன். மணல் போனால் அதற்கு வீடே இல்லை.

நேற்று முழங்கால் தண்ணீரில் வலை விரித்ததில் சுண்டுவிரல் நீளத்தில் மூன்றே மூன்று அயிரை, வாயோரம் மீசை துடிக்க. அளந்துவிட்டு உடனே விட்டுவிட்டேன். கூடவே வலை நிறைய ஜிலேபிக் குஞ்சுகள்! 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. பார்க்கவே மனசு கனத்தது.

அந்தப் பக்கம் பல வருஷம் மீன் பிடித்த பெரியவர்கள் யாரையாவது தெரியுமா? முன்பு எந்தப் படித்துறையில் அயிரை அள்ளினார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். அப்புறம், நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் இரண்டு வாரத்துக்கு இரவல் கிடைக்குமா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.