ரெம்பிராண்டின் பிச்சைக்காரன் கெஞ்சுகிறானா, கத்துகிறானா?

கரிக்கோல்: மேட்டில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரனை டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் வரைந்தார். அந்தப் படத்தைப் பற்றி இங்கே ஒருவர், "நீட்டிய கை, திறந்த வாய், ஆதரவற்றவனின் கெஞ்சல்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாரா? புருவம் நெரிந்திருக்கிறது, வாய் கோணியிருக்கிறது. கெஞ்சுகிறவன் வாயா அது? அவன் கத்துகிறான்.

மழைக்குருவி: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கந்தல் துணி, குறுகிய உடம்பு, ஏந்திய கை எல்லாம் இருக்க, வாயை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள். திவாலாகித் தவித்த மனிதர் தன் வலியை வரைந்திருக்கிறார்.

கரிக்கோல்: திவாலானது 1656இல். 26 வருஷம் கழித்து வரப்போகும் கஷ்டத்தை முன்கூட்டியே வரைந்தாரா? 1630இல் அவர் லைடன் ஊரில் மாவு அரைக்கும் ஆலைக்காரர் மகன், இளைஞர். அப்புறம், அந்தப் பிச்சைக்காரன் முகம் அவருடைய முகமேதான். அதே வருஷம் கத்துவதுபோல் வாயைத் திறந்த தன் முகத்தையும் ஒரு சின்ன எட்ச்சிங்காக, அதாவது தகட்டு அச்சுப்படமாகச் செய்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே வாய்.

நூலகவாசி: 'வரைந்தார், வரைந்தார்' என்கிறீர்கள். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சிட்டது இது. உயரம் 12 செ.மீ.கூட இல்லை. இவருக்கு முன்பே பிச்சைக்காரர் படங்களை வரிசையாகச் செய்த பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் காலோவை ஏன் யாருமே பேசவில்லை?

கரிக்கோல்: 11 வருஷமாகத் தகட்டில் வேலை செய்கிறேன், எனக்குப் பாடம் வேண்டாம். இவ்வளவு சின்னப் படத்தில் அந்த வாய்க்கு எவ்வளவு இருட்டுக் கொடுத்திருக்கிறார், அதைப் பேசுங்கள்.

மழைக்குருவி: தன் முகத்தையே பிச்சைக்காரனுக்குக் கொடுத்தார் என்றால் என் பக்கம்தானே வலுக்கிறது? அடுத்தவன் இயலாமையைத் தன் உடம்பில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். போன மாதம் வான்கோ பேச்சிலும் இப்படித்தான், நீங்கள் சொன்னது மட்டும்தான் சரி.

கரிக்கோல்: வான்கோவை நீங்கள்தான் இன்னும் மறக்கவில்லை. கொடுத்தது கத்துகிற முகம். பரிதாபம் வேண்டுமென்றால் 1648இல் அவரே செய்த, வீட்டு வாசலில் பிச்சை வாங்கும் குடும்பத்தைப் பாருங்கள். எவ்வளவு அடக்கம்! 1630இல் உட்கார்ந்திருப்பவன் நம்மைப் பார்த்து ஆத்திரப்படுகிறான். 'பாவம்' என்று சொல்லி அந்த ஆத்திரத்தை ஏன் பிடுங்குகிறீர்கள்?

மழைக்குருவி: பசித்தவன் குரல் உயர்ந்தால் அது கெஞ்சல் இல்லையா?

கரிக்கோல்: வாயைப் பாருங்கள்.

மழைக்குருவி: பார்த்தேன். கெஞ்சுகிறான்.

நூலகவாசி: காலோவைப் பற்றிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.